முதுகெலும்பைப் பிடித்து நிற்கும் தசைகள்

எழுந்து நின்று, இடுப்பெலும்பின் முன்முனைகளைக் கையால் தடவிக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இரண்டு விரற்கடை உள்ளே, அடிவயிற்றில் விரல் நுனிகளை லேசாக அழுத்தி வைத்துக்கொண்டு ஒருமுறை இருமுங்கள். விரலுக்கடியில் தசை சட்டென்று விறைத்துத் தளர்வது தெரியும். விறைக்கும்படி நீங்கள் அதற்குச் சொல்லவில்லை. இருமல் வருகிறது என்று தெரிந்ததும் உடலே அந்த ஏற்பாட்டைச் செய்துகொள்கிறது.

இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. நின்றபடி ஒரு கையை வேகமாக முன்னால் தூக்கும்போது, தோள் தசை வேலையைத் தொடங்கும் முன்பே வயிற்றின் ஆழத்தில் இருக்கும் ஒரு தசை இறுகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் இருவரும் 1996-இல் இதை அளந்து காட்டினார்கள். கை மேலே போனால் உடலின் எடை மையம் நகரும், நடுவுடல் ஆடும். அந்த ஆட்டம் வருவதற்குள் மூளை இடுப்பைப் பிடித்து வைத்துவிடுகிறது. முதுகுவலி அடிக்கடி வந்து போகிறவர்களிடம் இந்தத் தசை தாமதமாகவே விழித்துக்கொண்டது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

நடுவுடல் தசைகளுக்கான ‘கோர்’ பயிற்சி உலகெங்கும் பரவியதற்கு அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். ஆனால் பயிற்சி பரவிய வேகத்துக்கு, அந்தத் தசைகளின் வேலை என்ன என்ற விளக்கம் பரவவில்லை. வயிற்றில் கட்டுக்கட்டாகத் தசை தெரிந்தால் முதுகும் உறுதியாக இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். தினமும் 50 சிட்-அப் எடுத்துவிட்டு, வலி ஏன் போகவில்லை என்று கேட்கிறார்கள். கோர் தசைகளின் முதல் வேலை உடலை வளையவிடாமல் பிடிப்பது. வளைப்பது அதற்கு அடுத்ததுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தப் பயிற்சி எதற்கு என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

தசை இல்லாவிட்டால்

கழுத்திலிருந்து இடுப்பு வரை தனித்தனியாக அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, கீழ்முதுகில் 5. அதற்குக் கீழே உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போனவை. அசையும் எலும்புகளுக்கு இடையே டிஸ்க்குகள், அவற்றைச் சேர்த்துக் கட்ட இணைப்பு நார்கள். இந்த அமைப்பிலிருந்து தசைகளை எல்லாம் நீக்கிவிட்டு, எலும்பும் டிஸ்க்கும் நாருமாக மட்டும் நிறுத்தினால் எவ்வளவு எடை தாங்கும்?

லூக்காஸ், பிரெஸ்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1961-இல் இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்த முதுகெலும்பை வைத்து இதைச் சோதித்தார்கள். மார்புப் பகுதியும் கீழ்முதுகும் சேர்ந்த தண்டு, ஏறத்தாழ 2 கிலோ எடையிலேயே சாய்ந்து மடங்கிவிட்டது. பின்னாளில் கீழ்முதுகை மட்டும் தனியாகச் சோதித்தபோது சுமார் 9 கிலோவில் மடங்கியது. நம் தலை மட்டுமே நான்கைந்து கிலோ இருக்கும். அப்படிப்பட்ட முதுகெலும்பை வைத்துக்கொண்டுதான் மனிதர்கள் அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றி மாடிப்படி ஏறுகிறார்கள். அந்த இரண்டு கிலோவுக்கும் இந்த மூட்டைக்கும் இடையில் இருப்பது முழுக்கத் தசைகளின் உழைப்பு.

மொட்டைமாடியில் டிவி ஆன்டெனா நட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். இருபது அடிக் குழாய் தானாக நிற்காது. சுற்றிலும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டுவார்கள். உயரம் கூடினால் நடுவிலும் ஒரு சுற்று கட்டுவார்கள். எல்லாக் கம்பியும் ஒரே அளவு விறைப்பாக இருக்கும்வரை காற்றுக்குக் குழாய் அசையாது. ஒரு பக்கம் தொய்ந்துவிட்டால், மறுபக்கக் கம்பி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பயனில்லை. உச்சியில் மட்டும் கட்டி நடுவில் விட்டுவிட்டால் குழாய் நடுவில் வளைந்து போகும். முதுகெலும்பைச் சுற்றித் தசைகள் இருக்கும் ஏற்பாடும் இதேதான். சுவீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் பெர்க்மார்க் 1989-இல் அவற்றை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். மார்புக்கூட்டையும் இடுப்புக்கூட்டையும் நேரடியாக இணைக்கும் பெரிய தசைகள் ஒரு வகை. ஒவ்வொரு முள்ளெலும்பிலும் வந்து ஒட்டிக்கொள்ளும் சிறிய, ஆழமான தசைகள் இன்னொரு வகை. பெரியவை சுமையைத் தூக்குகின்றன. சிறியவை எந்த ஒரு கணுவும் தனியாக நழுவாமல் பார்த்துக்கொள்கின்றன.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மனோகர் பஞ்சாபி 1992-இல் இதற்கு ஒரு முழுமையான விளக்கம் கொடுத்தார். இன்றும் பிசியோதெரபி வகுப்புகளில் அதைத்தான் சொல்லித்தருகிறார்கள். முதுகெலும்பின் நிலைத்தன்மைக்கு மூன்று பங்காளிகள் என்றார் அவர்: எலும்பு, டிஸ்க், நார் ஆகியவை ஒன்று, தசைகள் இரண்டு, எந்தத் தசை எப்போது எவ்வளவு இறுக வேண்டும் என்று முடிவு செய்யும் நரம்பு மண்டலம் மூன்று. ஒன்று பலவீனப்பட்டால் மற்ற இரண்டும் அதை ஈடுகட்ட முயலும். டிஸ்க் தேய்ந்தவர்கள் எத்தனையோ பேர் வலியே இல்லாமல் நடமாடுவதற்கு இந்த ஈடுகட்டலும் ஒரு காரணம்.

பஞ்சாபி சொன்ன இன்னொன்று, ஒவ்வொரு மூட்டுக்கும் தடையே இல்லாமல் லேசாக அசைந்துகொள்ளும் ஒரு சிறிய எல்லை உண்டு என்பது. நார் இழுபட்டாலோ டிஸ்க் உயரம் குறைந்தாலோ அந்த எல்லை அகன்றுவிடும். மூட்டு தேவைக்கு மேல் ஆடும். தேய்ந்த டிஸ்க்கைப் பயிற்சியால் பழையபடி ஆக்க முடியாது. ஆனால் தசையின் பிடிப்பைக் கூட்டி அந்த ஆட்டத்தைக் குறைக்க முடியும். ‘உங்களுக்கு எல்-4, எல்-5 தேய்ந்திருக்கிறது’ என்று ஸ்கேனைக் காட்டிச் சொன்னதும் வாழ்க்கையே முடிந்ததுபோல் உட்கார்ந்துவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். மூன்று பங்காளிகளில் ஒருவர்தான் தளர்ந்திருக்கிறார். மற்ற இருவரையும் பழக்க வழி இருக்கிறது.

எந்தெந்தத் தசைகள்

வயிற்றறையைச் சுற்றிப் பாருங்கள். கூரையாக உதரவிதானம். தரையாக இடுப்புத் தளத் தசைகள். முன்னாலும் பக்கவாட்டிலும், இடுப்பில் துணியை இறுக்கிச் சுற்றினால் எப்படி ஓடுமோ அந்தத் திசையில் ஓடும் டிரான்ஸ்வெர்சஸ் என்ற ஆழ்வயிற்றுத் தசை. அதன் மேல் சாய்வாக ஓடும் இரண்டு அடுக்குத் தசைகள். பின்னால், முதுகெலும்பை ஒட்டினாற்போல் மல்ட்டிஃபிடஸ். நாலாபக்கமும் ஒரே நேரத்தில் இறுகும்போது வயிற்றறைக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் முன்னாலிருந்து முதுகெலும்பைத் தாங்குகிறது. கனமான பொருளைத் தூக்கும்போது எல்லோரும் தம்மையறியாமல் தம் கட்டுவது இதனால்தான். மூச்சு விடும் உறுப்பும் முதுகைத் தாங்கும் உறுப்பும் ஒன்றே என்பதால், மூச்சிரைக்க ஓடிக் களைத்தவர் உடனே குனிந்து பாரம் தூக்கக்கூடாது. அந்த நேரத்தில் உதரவிதானம் மூச்சுக்கே போதாமல் திண்டாடிக்கொண்டிருக்கும்.

வெளியே தெரியும் சிக்ஸ் பேக் தசை, முதுகின் இருபுறமும் நீளமாக ஓடும் நிமிர்த்தும் தசைகள், விலாவின் அடியிலிருந்து இடுப்பெலும்புக்கு இறங்கும் பக்கவாட்டுத் தசை, பிட்டத் தசைகள் எல்லாம் இந்தக் கூட்டணியில் சேர்ந்தவையே. பிட்டம் எப்படி இதில் வந்தது என்று தோன்றலாம். பிட்டத் தசை சோம்பிக் கிடந்தால் குனிந்து நிமிரும் வேலை முழுவதும் கீழ்முதுகின் தலையில் விழும்.

இவற்றில் மல்ட்டிஃபிடஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முள்ளெலும்புக்கு முள்ளெலும்பு தாவிப் படர்ந்திருக்கும் தசை இது. ஜூலி ஹைட்ஸும் அவருடைய சகாக்களும் 1994-இல், முதன்முறையாக இடுப்பு பிடித்துக்கொண்டு வந்தவர்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். வலி இருந்த பக்கத்தில், வலி இருந்த அதே கணுவில் மல்ட்டிஃபிடஸ் சுருங்கியிருந்தது. இரண்டு ஆண்டுக்குப் பிறகு வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. சில வாரங்களில் வலி போய்விட்டது. எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் தசை மட்டும் தானாகப் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. அந்தத் தசைக்கென்று பயிற்சி செய்தவர்களுக்கே திரும்பியது. அதே ஆட்களைத் தொடர்ந்து கவனித்து 2001-இல் வெளியிட்ட முடிவின்படி, பயிற்சி செய்தவர்களில் 30 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் வலி மீண்டும் வந்தது. செய்யாதவர்களில் 84 சதவீதம் பேருக்கு வந்தது. மொத்தம் 39 பேரை மட்டுமே வைத்துச் செய்த ஆய்வு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும், ‘வலி போனதும் எல்லாம் சரியாகிவிட்டது’ என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதை அது காட்டிவிட்டது.

இந்தத் தசைகளுக்கு வேலையே கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பூமியில் தூய சோதனை கிடையாது, விண்வெளியில் உண்டு. சர்வதேச விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் தங்கித் திரும்பிய நாசா வீரர்கள் ஆறு பேரின் கீழ்முதுகை எம்ஆர்ஐயில் பார்த்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. முதுகெலும்பை ஒட்டிய தசையின் பருமன் சராசரியாக 19 சதவீதம் குறைந்திருந்தது. பூமிக்குத் திரும்பி ஒன்றரை மாதம் ஆன பிறகும் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கே திரும்பியிருந்தது. அங்கே தினமும் உடற்பயிற்சி செய்யும் ஆட்கள் அவர்கள். நிற்பதும் நடப்பதும் சாயாமல் உட்கார்வதும் தரும் ஓயாத சிறு வேலைதான் இந்தத் தசைகளுக்குச் சாப்பாடு என்பது இதிலிருந்து தெரிகிறது. நாற்காலியில் சாய்ந்து பத்து மணி நேரம் இருக்கும் வேலை நம்மை விண்வெளி வீரர் ஆக்கிவிடாது. ஆனால் செல்லும் திசை அதுதான்.

எவ்வளவு இறுக்கம் போதும்

இங்கேதான் பெரும்பாலோர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். பிடிப்பு நல்லது என்றால் நிறையப் பிடித்தால் இன்னும் நல்லதுதானே? இல்லை. 1997-இல் சொலெவிக்கி, பஞ்சாபி குழுவினர் அளந்தபோது, சும்மா நிமிர்ந்து நிற்பவரின் நடுவுடல் தசைகள் தங்கள் முழு வலுவில் 2 சதவீதத்துக்கும் குறைவாகவே இறுகியிருந்தன. உடம்பில் 32 கிலோவை ஏற்றியபோதும் அது 3 சதவீதத்தை ஒட்டியே நின்றது. நிலையாக நிற்க அவ்வளவுதான் வேண்டும்.

தசை இறுகும்போது முதுகெலும்பு உறுதிப்படுகிறது. அதே இறுக்கம் டிஸ்க்கின் மேல் அழுத்தத்தையும் ஏற்றுகிறது. அதனால்தான் உடல் தேவையான அளவுக்கு மட்டும், தேவையான நேரத்துக்கு மட்டும் இறுகி உடனே தளர்கிறது. நாள் முழுக்க வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டே நடப்பது முதுகுக்கு உதவாது, மூச்சையும் கெடுக்கும். நாள்பட்ட வலிக்காரர்கள் பலர் ஏற்கெனவே தேவைக்கு மேல் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் திரிகிறார்கள். கீழே கிடக்கும் பேனாவை எடுக்கக்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிப் பாத்திரத்தை நகர்த்துவதுபோல் இறங்குகிறவர்களுக்கு இன்னும் இறுக்கச் சொல்வது தவறான மருந்து. அவர்கள் முதலில் கற்க வேண்டியது தளர்வது.

ஆகவே பயிற்சியால் நாம் தேடுவது அதிகபட்ச வலுவைக் காட்டிலும் மற்ற இரண்டை: களைக்காமல் நெடுநேரம் தாங்குவது, சரியான நொடியில் எழுவது. டென்மார்க்கின் ஃபின் பீரிங்-சோரன்சன் 1984-இல் ஒரு எளிய சோதனையைப் பிரபலமாக்கினார். மேசையில் குப்புறப் படுத்து, இடுப்புக்கு மேற்பட்ட உடலை விளிம்புக்கு வெளியே நேராக நீட்டி, எத்தனை விநாடி பிடிக்க முடிகிறது என்று பார்ப்பார்கள். நெடுநேரம் பிடித்த ஆண்களுக்கு அடுத்த ஓராண்டில் முதல்முறையாக முதுகுவலி வருவது குறைவாக இருந்தது. ஒரே மூச்சில் எவ்வளவு தூக்குகிறோம் என்பதைவிட, மாலை வரை தாங்குகிறோமா என்பது முக்கியம் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். முதுகு பிடித்துக்கொள்வது பெரும்பாலும் ஏதாவது அற்பமான அசைவில், களைத்துப்போன நேரத்தில் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விளையாட்டு வீரர்களிடம் இதன் பயனைத் தெளிவாகப் பார்க்கலாம். வேகப்பந்து வீச்சாளரின் கீழ்முதுகு ஒரே நொடியில் வளைந்து, சாய்ந்து, திருகி, உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையையும் வாங்குகிறது. இளம் பந்துவீச்சாளர்களுக்கு அங்கே எலும்பில் கீறல் விழுவது அதனால்தான். ஆஸ்திரேலியாவில் 13 வாரப் பயிற்சி முகாமில் இருந்த இளம் கிரிக்கெட் வீரர்களில் முதுகுவலி உள்ளவர்களுக்கு ஹைட்ஸ் குழுவினர் நிலைப்படுத்தும் பயிற்சி கொடுத்தார்கள். மல்ட்டிஃபிடஸ் பருத்தது, வலி பாதியாகக் குறைந்தது. அந்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது.

வலிக்கு இது மட்டுமே மருந்தா

கோர் பயிற்சி முதுகுவலியைக் குணமாக்குமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடக் கட்டாயம் நல்லது, மற்ற உடற்பயிற்சிகளைவிடச் சிறந்தது என்று சொல்ல முடியாது. நாள்பட்ட முதுகுவலிக்கான தசைக் கட்டுப்பாட்டுப் பயிற்சிகள் பற்றிய ஆய்வுகளை எல்லாம் திரட்டி, காக்ரேன் அமைப்பு 2016-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இதே முடிவுக்குத்தான் வந்தது.

இதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டியதில்லை. எனக்கு இது நல்ல செய்தியாகவே படுகிறது. ஜிம் கட்டணம் கட்ட முடியாதவருக்கும் வழி இருக்கிறது என்று பொருள். 2024-இல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், முதுகுவலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேர் பங்கேற்றனர். படிப்படியாக நடையைக் கூட்டிச் சென்றவர்களுக்கு வலி மீண்டும் வர நடுவளவில் 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள். வெறும் நடைதான், அதோடு ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் வழிகாட்டல். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கால் தரையை விட்டு எழுகிறது. இடுப்பு அந்தப் பக்கம் சரியாமல் நடுவுடல் பிடிக்க வேண்டியிருக்கிறது. நடையும் ஒருவகையில் கோர் பயிற்சிதான்.

2020-இல் உலகில் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு இருந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. அந்த நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட வலிக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட்டை வழக்கமாக அணியச் சொல்வதை ஏற்கவில்லை. நம் ஊரில் மருந்துக்கடையில் பெல்ட் வாங்கி, வருடக்கணக்கில் கட்டிக்கொண்டு பைக் ஓட்டுகிறவர்கள் ஏராளம். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகோ எலும்பு முறிவுக்கோ மருத்துவர் சொன்ன காலத்துக்குக் கட்டுவது வேறு. மற்றபடி பெல்ட்டை நம்பியே இருந்துவிட்டால் தசைக்குப் பயிற்சி கிடைக்காது.

செய்து பார்க்க

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில், சிட்-அப் எடுக்கும்போது கீழ்முதுகில் விழும் அழுத்தத்தை அளந்தார். ஒவ்வொரு முறையும் சுமார் 3,300 நியூட்டன். அதாவது கிட்டத்தட்ட 340 கிலோ எடைக்குச் சமம். அதுவும் முதுகு வளைந்த நிலையில். ஆரோக்கியமான இளைஞர் எப்போதாவது செய்தால் ஒன்றும் ஆகாது. முதுகுவலிக்காரர் வலி தீரும் என்று நம்பி நூறு எடுப்பதுதான் வேண்டாத வேலை. சிட்-அப்புக்குப் பதிலாக மெக்கில் சொன்னவை மூன்று.

முதலாவது, திருத்திய கர்ல்-அப். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்புக்கடியில் உள்ள இயல்பான வளைவில் வையுங்கள். தலையும் தோளும் தரையிலிருந்து ஓரிரு அங்குலம் எழுந்தால் போதும். கைக்கு மேல் இருக்கும் முதுகு நசுங்கவும் கூடாது, எழவும் கூடாது.

இரண்டாவது, சைடு பிளாங்க். ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்குவது. தொடக்கத்தில் முழங்கால்களை மடக்கி அவற்றை ஊன்றிச் செய்யுங்கள். பழகியபின் பாதங்களை ஊன்றலாம். பக்கவாட்டுத் தசைகளுக்கு இதைப்போல் நல்ல பயிற்சி குறைவு. முதுகெலும்பில் அழுத்தமும் அளவோடுதான் விழும்.

மூன்றாவது, ‘பேர்ட் டாக்’. மண்டியிட்டுக் கைகளை ஊன்றி, வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டுவது, பிறகு மாற்றிச் செய்வது. பார்க்க எளிது, சரியாகச் செய்வது கடினம். காலை நீட்டும்போது இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடும், அல்லது முதுகு பள்ளமாகிவிடும். கீழ்முதுகின் மேல் ஒரு பிளாஸ்டிக் டம்ளரைக் கவிழ்த்து வைத்துச் செய்யுங்கள். விழாமல் இருந்தால் சரியாகச் செய்கிறீர்கள். கால் எவ்வளவு உயரம் போகிறது என்பது முக்கியமே இல்லை. கையும் காலும் அசையும்போது இடுப்பு அசையாமல் இருக்கக் கற்பதே இதன் நோக்கம்.

மூன்றிலும் பத்து விநாடி பிடித்து, விட்டு, மறுபடியும் செய்யுங்கள். ஒரே மூச்சில் இரண்டு நிமிடம் பிளாங்க் பிடிப்பதைவிடப் பத்து விநாடி வீதம் பல முறை செய்வது தாங்கும் திறனைச் சிரமமில்லாமல் வளர்க்கும். மூச்சைப் பிடிக்காதீர்கள். யாரோ வயிற்றில் லேசாகக் குத்தப்போகிறார் என்றால் எப்படி விறைப்பீர்களோ அந்த அளவு போதும். அப்படி விறைத்தபடியே பேச முடிய வேண்டும். ரத்தக்கொதிப்பு, இதயநோய் உள்ளவர்கள் தம் கட்டிச் செய்யவே கூடாது. தூங்கி எழுந்ததும் உடனே குனிந்து வளையும் பயிற்சிகளைத் தொடங்க வேண்டாம். இரவில் டிஸ்க்குகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். அந்நேரம் வளைக்கும்போது அவற்றின் மேல் கூடுதல் அழுத்தம் விழும். ஒரு மணி நேரம் நடமாடியபின் செய்யுங்கள்.

பயிற்சிப் பாயில் கற்றதைச் சமையலறைக்கும் கடைக்கும் கொண்டுபோகாவிட்டால் பாதிப் பயன் போய்விடும். ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே குழுவினர், ஒரு தன்னார்வலரின் டிஸ்க்குக்குள் அழுத்தமானியைப் பொருத்தி அளந்து 1999-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கினால் 2.3. முழங்காலை மடக்கித் தூக்கினால் 1.7. அதே எடையை உடம்போடு அணைத்து வைத்துக்கொண்டால் 1.1. இந்த எண்களில் கடைசியைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். கேஸ் சிலிண்டரானாலும் குழந்தையானாலும், முதலில் அருகில் போங்கள். அணைத்துக்கொண்டு பிறகு எழுங்கள்.

குனிவதைப் பழக ஒட்டடைக் குச்சி ஒன்று போதும். அதை முதுகோடு நெடுக்காக வைத்து, பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றும் குச்சியில் படும்படி பிடித்துக்கொண்டு, பின்னால் இருக்கும் ஸ்டூலில் உட்காரப்போவதுபோல் பிட்டத்தைத் தள்ளிக் குனியுங்கள். மூன்று இடமும் குச்சியை விட்டு விலகாவிட்டால் நீங்கள் இடுப்பு மூட்டில் மடங்குகிறீர்கள், முதுகில் மடங்கவில்லை.

காய்கறிப் பையை இரண்டாகப் பிரித்து இரு கையிலும் கொண்டுவந்தால், ஒரே கையில் அத்தனை எடையையும் தூக்குவதைவிட முதுகெலும்பில் அழுத்தம் குறையும். ஒரு பக்கச் சுமைக்கு எதிர்ப்பக்கத் தசைகள் முழுவதும் இறுக வேண்டியிருப்பதே காரணம். முதுகு நன்றாக இருப்பவர்களுக்கு அதே சங்கதி பயிற்சியாகவும் ஆகும்: ஒரு கையில் மட்டும் அளவான எடையுள்ள வாளியைப் பிடித்து, சாயாமல் நேராக நடந்து, பிறகு கை மாற்றுவது.

சிலருக்குத் தனிக் கவனம் வேண்டும். பிரசவித்தவர்களுக்கு, கர்ப்பகாலத்தில் வயிற்றுச் சுவர் இழுபட்டு, நடுக்கோட்டில் இரு பக்கத் தசையும் விலகியிருக்கலாம். அந்த நிலையில் சிட்-அப் எடுத்தால் நடுவில் மேடாகத் துருத்தும். துணி வைத்து வயிற்றைக் கட்டுவது அப்போதைக்குத் தாங்கலைத் தரும், தசையைப் பழக்காது. மெதுவான மூச்சோடு இடுப்புத் தளத் தசைகளை உள்வாங்கித் தளர்த்துவதில் தொடங்கி, மருத்துவர் சம்மதித்தபின் மற்றவற்றுக்குப் போகலாம். இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பயிற்சியால் பலருக்கு அது சரியாகிறது. வயதானவர்களுக்கு நடுவுடல் வலுவோடு சமநிலையும் தொடர்புடையது. தரையில் படுத்து எழ முடியாதவர்கள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் பின்னால் நீட்டலாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரலாம். சுவரில் கை ஊன்றி நின்றபடி பிளாங்க் செய்யலாம்.

பயிற்சியின்போது தசை களைப்பது இயல்பு. வலி காலுக்குள் இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். காலில் வலு குறைவது, கீழே விழுந்தபின் தொடங்கிய வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, படுத்தாலும் இரவெல்லாம் தணியாத வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பார்த்த பிறகே பயிற்சி. தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, சிறுநீர் பிரியாமல் அடைத்துக்கொள்வது என்றால் நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே, இரவானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.